கைகளைப் பார்க்கச் சொன்ன கமலினி

கமலினி இறந்த செய்தி எனக்கு ஒரு குரலாக வந்தது. எங்கள் பாடநெறிக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. முக்கியமான எதையும் அதில் எழுதிப் போடக்கூடாது, பேசித்தான் போடவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் அந்தக் குழுவில் பலர். கல்லடியில் என் வீட்டுக் குசினியில் காலைத் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றபோது காத்தான்குடி பஸீலாவின் குரல் பதிவு வந்தது. நோயாளர் பராமரிப்புத்தான் இப்போது பஸீலாவின் தொழில். அன்று ஆஸ்பத்திரியில் யாருக்கோ துணை நின்றிருக்கிறாள். ஏதோ பாடச் சந்தேகம் என்று நினைத்துத்தான் பதிவை அழுத்தினேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. "நம்மட கமலினி மிஸ்..." என்று தொடங்கி நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினாள். "நம்மட மிஸ் போயிட்டாங்க. விடிய நெஞ்சு நோகுதெண்டு கொண்டு வந்தாங்க. நான் வாசல்ல நிண்டன். கொண்டு வரக்குள்ளயே ஒண்டும் இல்ல." அதோடு பதிவு முடிந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்ததை என் கணவர் வந்து அணைத்த பிறகுதான் கண்டேன்.

இந்தக் குறிப்பை 'அவர்' என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஓரிரு வரி போனதும் அழித்துவிட்டேன். ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் இருந்து, ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்து இருவருமாகத் தின்ற சிநேகிதியை 'அவர்' என்றால், "ஆரைக்கா சொல்றாய்?" என்று கேட்பாள். அவளை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். மாணவராக அல்லாமல் வேறு வழியில் அவளை அறிந்தவர்களுக்கு, அவள் என்ன வேலை செய்தாள் என்பதையாவது ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

கமலினி களுதாவளைக்காரி. கலியாணம் முடித்துக் கல்லடிக்கு வந்தவள். பாடசாலையில் கணிதம் படிப்பித்துவிட்டு, மட்டக்களப்பு நகரில் நான் வேலை செய்த தொலைக்கல்வி நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள். நான் முன்பு தாதியாக இருந்தவள். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் நோயாளரைப் பராமரிப்பது பற்றிய பாடநெறியை நான்தான் எழுதினேன். நோயாளியைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கைப்புண் வராமல் காப்பது எல்லாம் அதில் இருந்தன. சான்றிதழ் கையில் இருந்தால் ஆஸ்பத்திரியில் துணை நிற்கும் வேலையோ, முதியோர் இல்லத்தில் வேலையோ தேடிக்கொள்ளலாம். வெளிநாடு போகிறவர்களுக்கும் உதவும். கொரோனாவோடு வகுப்பறையை மூடி, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். அந்தப் பொறுப்பு கமலினியுடையது. "ஏத்துறது லேசுகா. அது ஆக்கள்ட மனசில இறங்கவேணுமே" என்று அன்றே சொன்னாள்.

முதல் பாடத்தை நான் மிகக் கவனமாகப் பதிவு செய்து கொடுத்தேன். அவள் அதைக் காரியாலயக் கணினியில் பார்க்கவில்லை. தன் போனில் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்க்கக் களுதாவளைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சாந்தி, உன்ட பாடத்தப் பார்த்தன்."

"எப்பிடி?"

"டவுனில பஸ் ஏறினதில இருந்து பார்த்தன். குருக்கள்மடம் தாண்டியும் நீ பாடத்தின்ட நோக்கங்களத்தான் சொல்லிக்கொண்டு இரிக்கிறாய். களுதாவளையில நான் இறங்கிட்டன். நோயாளி இன்னும் கட்டிலுக்கு வரல்ல."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்ததால் கோபத்தைக் காட்ட முடியவில்லை. போனில் என் எழுத்துகள் எறும்பு ஊர்வது போல இருந்தன என்றாள். பஸ்ஸின் இரைச்சலில் என் குரலில் பாதி கேட்கவில்லை என்றாள். "நம்மட ஆக்கள் பஸ்ஸிலயும் குசினியிலயும் இருந்துதான் படிக்கப்போறாங்க. மேசை கதிரை போட்டுக்கொண்டு இல்ல." இருவருமாக உட்கார்ந்து அந்த நீண்ட பாடத்தைப் பிய்த்தோம். ஒரு துண்டில் ஒரேயொரு கைவேலைதான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். விரிப்பை மாற்றுவது ஒன்று, தலையணை வைப்பது ஒன்று, வாய் கழுவி விடுவது ஒன்று. என் நோக்கங்களை அவள் முழுதாக எறியவில்லை. கடைசியில், விரும்பியவர்கள் வாசிப்பதற்காக, வைத்தாள்.

அப்படியும் முதல் தொகுதியில் சேர்ந்தவர்களில் பலர் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். தலைமைக் காரியாலயம் எல்லோரிடமும் கருத்துக் கேட்டது. பதில் அனுப்பியவர்கள் பாடம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். எல்லோரும் மகிழ்ந்தோம். கமலினி மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "கலியாண வீட்டுக்கு வந்தவங்களிட்டயே ஏன் வரல்ல எண்டு கேட்டிருக்கிறம்" என்றாள். வராதவர்களின் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று, ஒரு சனிக்கிழமை என்னைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போனாள். அவள் ஸ்கூட்டி ஓட்டிய விதத்தைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பின்னால் இருந்து பிள்ளையாரைக் கூப்பிட்ட பலர் இதை வாசிப்பீர்கள்.

அங்கே தெய்வானை என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஆர்வமாகச் சேர்ந்து, ஒரு மாதத்துக்குள் நின்றுபோனவள். எங்களைக் கண்டதும் பயந்துபோனாள். ஏதோ தண்டம் கட்டச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். கமலினி வாசல்படியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, மழையைப் பற்றிக் கதைத்து, பிறகுதான் ஏன் வருவதில்லை என்று கேட்டாள்.

"பாடம் காலம பத்து மணிக்கு வருது மிஸ். போன் பொழுதுபட்டாப் பிறகுதான் வருது."

அந்த வீட்டில் இருந்தது ஒரு போன்தான். அதை அவளுடைய புருசன் காலையில் வட்டைக்குக் கொண்டுபோகிறார். வயலில் தண்ணீர் பார்க்கவும் உழவு இயந்திரத்துக்குச் சொல்லவும் அவருக்கு அது வேண்டும். மாலையில் அவர் திரும்பும்போது எங்கள் நேரடி இணைய வகுப்பு முடிந்து எவ்வளவோ நேரம். பதிவைத் திரும்பப் பார்க்க டேட்டா இருக்காது, கவரேஜும் வராது.

திரும்பி வரும் வழியிலேயே கமலினி முடிவு செய்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பாடத் துண்டையும் குரல் பதிவாகவும் அனுப்பினாள். டேட்டா அதிகம் தின்னாது, எப்போது வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம். கொஞ்ச நாளில் தெய்வானை பேசி அனுப்பினாள், சிரிப்பை அடக்க முடியாமல். பாடம் பகலில் வந்து விழுவதால் அவளுக்கு முன்பே புருசன் கேட்டுவிடுகிறாராம். தனியாகவும் இல்லை, வயல்வாடியில் சோறு தின்னும்போது எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறாராம். கமலினிக்கு அன்று நிலை கொள்ளவில்லை. காரியாலயத்தில் காண்கிறவர்களிடமெல்லாம், "எங்கட பாடத்த வட்டைக்குள்ள ஆம்பிளையள் கேட்கிறாங்க தெரியுமா?" என்றாள். பிற்பாடு அந்த மனிதரின் தாய் விழுந்து படுக்கையானபோது, தெய்வானையோடு சேர்ந்து தாயைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தது அவர்தான். எங்கள் மாணவர் பதிவேட்டில் அவருக்குப் பெயரே இல்லை.

பஸீலாவின் கதை வேறு. பல வருசம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பியவள் அவள். ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. ஆனால் கமரா போடவில்லை. கமரா போடாதவர் வராதவராகக் கணிக்கப்படுவார் என்பது அப்போதைய விதி. கறுப்புக் கட்டத்தில் வெறும் பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று பாடநெறிக்குப் பொறுப்பான அதிகாரி கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கமலினி பஸீலாவுக்குப் போன் எடுத்து, என்னையும் கேட்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் குசினிக்குள்ள இருந்துதான் மிஸ் கேட்கிறன். மாமா, மச்சான்மார் எல்லாரும் நடமாடுற வீடு. வகுப்ப வீடியோவா எடுத்து வெக்கிறீங்க. அது ஆர்ர போனுக்கெல்லாம் போகுமெண்டு எனக்குத் தெரியாதே. என்ட முகம் என்னத்துக்கு மிஸ் அவங்களுக்கு?"

அடுத்த இணையவழிக் கூட்டத்தில் கமலினி அதிகாரியிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "சேர், இது முகத்தால செய்யிற வேலை இல்லையே. கையப் பாருங்க."

அங்கே பிறந்ததுதான் எங்கள் கை வீடியோ. ஒவ்வொருவரும் தங்கள் கைகள் வேலை செய்வதை மட்டும் படம் எடுத்து அனுப்பவேண்டும். நோயாளியின் கீழே விரிப்பைச் செருகுவது, கரண்டியால் கஞ்சி ஊட்டுவது, கை கழுவுவது. நோயாளிக்குப் பதிலாகத் தலையணையை வைத்தவர்கள் உண்டு, மாமியாரைப் படுக்க வைத்தவர்களும் உண்டு. அவர்கள் அனுப்பிய ஒப்படைகளைத் திருத்தியவள் நான். எவ்வளவு எழுத்து வாசித்தும் அறியாத மாணவரை அந்தக் கைகளில் அறிந்தேன். பெருநாளுக்கு மருதாணி இட்ட கை, மீன் வெட்டித் தழும்பேறிய கை, நகத்தடியில் சேறு போகாத கை. பின்னால் நேரில் கண்டபோது முகம் தெரியாமல் நின்று, கையைக் கண்டதும் "நீதானே?" என்று கட்டிப்பிடித்திருக்கிறேன்.

எல்லாமே அவளுக்கு வாய்த்தது என்று நினைக்கவேண்டாம். கல்லடியில் ரூபன் என்று ஓர் இளைஞர் சேர்ந்தார். பிறவியிலேயே காது கேளாதவர். தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் பார்ப்பதற்காகவும், பின்னால் இதையே தொழிலாகச் செய்வதற்காகவும் படிக்க வந்தவர். கமலினி பாட வீடியோக்களுக்கு அடியில் எழுத்து ஓடவிடும் வேலையைத் தொடங்கினாள். கண் சிவக்கச் சிவக்க இருந்து முடித்தாள். பெருமையோடு ரூபன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நானும் போனேன். அவர் மரியாதையாக முழுவதையும் பார்த்தார். தங்கை சைகையில் ஏதோ கேட்டாள். அவர் தயங்கித் தயங்கித் தலையசைத்தார்.

"அண்ணாக்கு வாசிக்கத் தெரியும் மிஸ். ஆனா விளங்கல்லயாம்" என்றாள் தங்கை. "நாங்க பேச்சக் கேட்டுத்தானே எழுத்தப் படிச்சம். இவருக்கு எழுத்து வேற ஆர்ரயோ பாஷை மாதிரி. கைப்பாஷைதான் இவர்ட பாஷை."

கமலினி காரியாலயத்துக்கு வந்து பையை மேசையில் போட்டாள். உப்பும் தூளும் போட்ட மாங்காயை ஒரு பை நிறையத் தின்று முடித்தாள். அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும், மாங்காய் அவளுக்கு அழுகைக்குப் பதில். அடுத்த நாள் காலை என் மேசையைத் தட்டி, "எழும்பு, ரூபன் வீட்ட போவம்" என்றாள்.

ரூபனும் அவருடைய காது கேளாத சிநேகிதர்களும் கடற்கரையில் கூடினார்கள். பாடத்தில் வரும் பல சொற்களுக்கு அவர்களிடம் சைகை இருந்தது. படுக்கைப்புண்ணுக்கு இல்லை. அது எப்படி உண்டாகிறது என்று நான் விளக்கவேண்டி வந்தது. மணலில் படுத்து, என் இடுப்பெலும்பையும் குதிக்காலையும் காட்டினேன். அவர்கள் கைகளால் வாதாடினார்கள். கடைசியில் ஒன்று முடிவாயிற்று. ஒரு கையின் புறத்தை மறு உள்ளங்கையால் அழுத்தி, எடுத்து, அழுத்திய இடத்தில் விரல் நுனியால் சின்ன வட்டம் போடுவது. நான் பக்கக்கணக்கில் எழுதியது அதற்குள் இருந்தது. அன்று அவர்கள் கமலினிக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். மூக்கு நுனிக்கு வழுகி வரும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. அதுதான் அவள் பெயர். ரூபன் முன்னால் நின்று சைகை செய்ய, அந்தக் கடற்கரையிலேயே பாடங்களைத் திரும்பப் படம் பிடித்தோம்.

வேகமாக ஓடுகிறவர்களையும் அவள் மறக்கவில்லை. குருக்கள்மடத்திலிருந்து ஒரு பிள்ளை எல்லாப் பாடத்தையும் சேர்ந்த வாரத்திலேயே முடித்துவிட்டு, அலுத்துப்போய் விலகப் பார்த்தாள். கமலினி அவளைப் பிடித்து, நோயாளி சாப்பிட மறுத்தால் என்ன செய்வாய், வீட்டார் சண்டை பிடித்தால் என்ன செய்வாய் என்று பதில் லேசில் கிடைக்காத கேள்விகளாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். "ஓடுற ஆள மறிச்சு வெச்சாலும் விழுந்துதான் போவாங்க" என்பாள்.

இவ்வளவு பேருக்குப் பாடத்தைத் தைத்துக் கொடுத்தவள், தானாக எதையும் இணையத்தில் படித்து முடித்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிங்களம் படிக்கவென்று ஆண்டுதோறும் ஓர் இணையவழி வகுப்பில் சேருவாள். மூன்றாம் பாடத்தைத் தாண்டியதே இல்லை. "நான் பரம்பரையா விட்டுட்டுப் போறவகா. அதாலதான் எனக்கு விட்டுட்டுப் போறவங்கட மனசு தெரியும்" என்று கூச்சமில்லாமல் சொல்வாள். அவள் கணவர் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு, "நாலாம் பாடம் சரியில்ல" என்று அடித்துச் சொல்வாள், அதைப் பார்க்காமலே.

பிறகு அந்தப் பரீட்சை வந்தது. ஆளுக்கொரு விதமாகப் படிப்பித்தால் சான்றிதழும் ஆளுக்கொரு விதமாகிவிடும், வேலை கொடுப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று அதிகாரி கவலைப்பட்டார். எல்லோருக்கும் திரையில் ஒரே எழுத்துக் கேள்வி, ஒரே நேரம் என்று வைக்கப் பார்த்தார். அப்படி வைத்தால் ரூபன் போவார், தெய்வானை போவாள், இன்னும் பலர் போவார்கள். கமலினி குரலை உயர்த்தவில்லை. "வாசல் எத்தினையும் இரிக்கட்டும் சேர். உள்ளுக்க கட்டில் ஒண்டுதான்" என்றாள். நிலையத்தில் ஒரு கட்டில் போடுவோம், ஒரு நோயாளி, எல்லோருக்கும் ஒரே வேலை, நீங்களே வந்திருந்து புள்ளி போடுங்கள் என்றாள். அதிகாரி யோசித்தார். வருகிறேன், ஆனால் தரம் குறைந்திருந்தால் குரல் பாடமும் சைகைப் பாடமும் இந்தத் தொகுதியோடு நிற்கும் என்றார். கமலினி சரி என்றாள். கூட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் நோயாளி."

"ஏன் நான்?"

"நீ பாரமாவும் இரிக்கிறாய், குறையும் சொல்லுவாய். இதவிட நல்ல நோயாளி எங்க கிடைக்கும்?"

பரீட்சை நாளில் நான் கட்டிலில் கிடந்தேன். ஒரு பக்கம் உணர்வில்லாதவளாக நடிக்கவேண்டும். அதிகாரி பக்கத்தில் கதிரை போட்டு, புள்ளித்தாளோடு இருந்தார். பஸீலா வந்தாள். அதுவரை நான் பார்த்திராத முகம், ஆனால் கை தெரிந்த கை. பதற்றமில்லாமல் செய்துவிட்டுப் போனாள். பிறகு ரூபன் வந்தார். புள்ளித்தாளில், நோயாளியைத் தொடுமுன் என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லவேண்டும் என்றொரு வரி இருந்தது. எழுதியவள் நான்தான். எழுதும்போது ரூபன் என்று ஒருவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

அவர் என் கண்ணுக்கு நேராக வரும்படி குனிந்தார். தோளை மெல்லத் தொட்டு, நான் பார்க்கும் வரை நின்றார். எந்தப் பக்கம் புரட்டப்போகிறார் என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். புருவத்தை உயர்த்தினார். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் கை என் முதுகுக்கடியில் போனது. என்னைத் தூக்கியதே எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

அதிகாரியின் பேனை அந்த வரியில் நின்றது. ரூபனைப் பார்த்தார், புள்ளித்தாளைப் பார்த்தார். யன்னலோரம் நின்ற கமலினி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் நின்ற நேரங்கள் மிகக் குறைவு. கடைசியில் அதிகாரி என் பக்கம் குனிந்தார்.

"மிஸ், இவர் உங்களுக்குச் சொன்னாரா?"

"ஓம் சேர். சொன்னார். நான் சரியெண்டும் சொன்னன்."

அவர் புள்ளியைப் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நோயாளி அழக்கூடாது என்று கமலினி யன்னலோரத்திலிருந்து கண்ணைக் காட்டினாள்.

தெய்வானை கடைசியில் வந்தாள். பஸ் மாறி மாறி வந்து களைத்திருந்தாள். அவசரத்தில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். உணர்வில்லாத பக்கத்துக் கையை அப்படி இழுத்தால் தோள் மூட்டு விலகிவிடும். எனக்கே பல நாள் நொந்தது. அதிகாரிக்கு அதற்குள் மனம் இளகியிருந்தது. "பாவம், தூரத்தில இருந்து வந்திருக்கிறா. விடுவம்" என்றார். கமலினிதான் விடவில்லை. "இரக்கப்பட்டு நான் பாஸ் போட்டா, அதுக்கு ஒரு நோயாளிட தோள்தான் பதில் சொல்லும் சேர்." தெய்வானை அழுதுகொண்டு போனாள். கொஞ்ச நாள் போனும் எடுக்கவில்லை. கமலினி விடாமல் குரல் பாடத்தை அனுப்பினாள். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு படுவான்கரைக்குப் போய், அவள் வீட்டுப் பாயிலேயே என்னைப் படுக்க வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யவிட்டாள். அடுத்த முறை தெய்வானை தேறினாள். அன்றும் நோயாளி நான்தான். குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. குரல் பாடமும் சைகைப் பாடமும் இன்றுவரை நடக்கின்றன. கமரா விதியை எடுத்துவிட்டார்கள்.

கல்லடியில் அவள் வீட்டு முற்றம் இறுதி நாளில் கொள்ளவில்லை. நேரில் ஒருபோதும் சந்தித்திராத மாணவர்கள் வந்தார்கள். ஒருவரையொருவர் குரலால் அடையாளம் கண்டு அழுதார்கள். வட்டையிலிருந்து நேரே வந்த தெய்வானையின் புருசன் ஓரமாக நின்றார். பேசவேண்டியவர்கள் பேசி முடித்ததும் ரூபன் முன்னால் வந்தார். ஒரு விரலால் மூக்கின் மேலே தள்ளிக் காட்டினார். புரிந்தவர்கள் விம்மினார்கள். பிறகு அவர் கைகள் பேசப் பேச, தங்கை சொன்னாள்.

"எனக்கு விளங்கல்ல எண்டு நான் சொன்னன். நாங்க விளங்கல்ல எண்டு சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. இவ அடுத்த நாள் திரும்பி வந்தா."

அதைவிட நீளமாகப் பேசிய எங்களில் யாரும் அவ்வளவு சொல்லவில்லை.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் அது தெரிந்தது. அவள் பேசிய குரல் பாடங்களில் சிலவற்றைத் திருத்தவேண்டியிருந்தது. ஒலிப்பதிவு செய்பவர், "மிஸ், ஒவ்வொரு படிக்குப் பிறகும் சத்தமில்லாமக் கனநேரம் போகுது. வெட்டட்டா?" என்று கேட்டார். நான் காதில் மாட்டிக் கேட்டேன். "இப்ப நீங்க செய்து பாருங்க" என்கிறாள் கமலினி. பிறகு பேச்சில்லை. துணி உரசும் சத்தம் மெல்ல வருகிறது. ஒரு காகம் கரைகிறது. அந்த அறையில் அவளோடு நான் இருந்திருக்கிறேன். பாடத்தைச் சொல்லிவிட்டு, தலையணையை நோயாளியாக வைத்து, சொன்னதைத் தானே செய்வாள். செய்து முடியும் வரை வாய் திறக்கமாட்டாள். கேட்பவர்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவையும் தன் கையால் அளந்து விட்டிருக்கிறாள். வெட்டவேண்டாம் என்றேன்.

நான் இடைவெளி தாங்காதவள். யாராவது பதில் சொல்லாமல் இருந்தால் நானே சொல்லிவிடுவேன். இப்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகுகிறேன். நேற்று புதிய தொகுதியின் நேரடி வகுப்பு. எந்த ஊரென்று இன்னும் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணிடம், விரிப்பைப் பாதியாகச் சுருட்டி நோயாளியின் முதுகோடு வைக்கச் சொன்னேன். திரையில் அவள் பெயர் மட்டும்தான். சத்தமே இல்லை. அடுத்த வசனம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு இருந்தேன். இன்னும் சத்தமில்லை. இருந்தேன்.

பிறகு, கொஞ்சம் மூச்சு வாங்க, ஒரு குரல் வந்தது.

"செய்திட்டன் மிஸ். மறுகா என்ன செய்ய?"